புழு ஆதி வடிவமா, ஆட்குறைப்பு செய்த வடிவமா? (உருளைப்புழுக்களில் திட்டமிட்ட செல் மரணம்)

கொசுவலை | 4 மார்ச், இரவு 9.12

சி. எலிகன்ஸ் என்ற உருளைப்புழுவில் செல் சாவுக்கு நாலே மரபணு: ஈகிள்-1, செட்-9, செட்-4, செட்-3. நமக்கோ சாவைத் தடுக்கும், தூண்டும் புரதங்களான பிசிஎல்-2 குடும்பமே ஒரு பட்டாளம், செல்லைக் கொல்லும் வெட்டு நொதியான காஸ்பேஸ் ஒரு டஜன், நடுவில் மைட்டோகாண்ட்ரியாவில் ஓட்டை விழுந்து சைட்டோகுரோம் சி என்ற புரதம் கசிவது வேறு. ஆக புழுவிடம் இருப்பது ஆதி வடிவம், நாம் அதன்மேல் மாடி கட்டிக்கொண்டோம். இதை மறுக்க யாராவது உண்டா?

தட்டு எண் 9 | 4 மார்ச், இரவு 10.05

உண்டு. புழு மாடி கட்டாத வீடு இல்லை, மாடியை இடித்த வீடு.

கடல் சாமந்தியைப் பாருங்கள். புழுவும் நாமும் பிரிவதற்கு வெகு முன்பே தனிக்கிளையாகப் போன விலங்கு அது. நெமாடோஸ்டெல்லா என்ற சாமந்தியின் மரபணுத் தொகுதி 2007-இல் வெளிவந்தபோது, அதில் பிசிஎல்-2 குடும்பத்தின் தடுப்பவை, துளையிடுபவை இரண்டுமே இருந்தன. காஸ்பேஸும் கூட்டமாக இருந்தது. சி. எலிகன்ஸை விட நம்மோடுதான் அது அதிகம் ஒத்துப்போகிறது. எளிமை ஆதியில் இருந்ததென்றால் சாமந்தியிடம் அல்லவா அது இருக்க வேண்டும்?

இன்னொரு சாட்சி தட்டைப்புழு. 2012-இல் பிளனேரியாவின் செல்சாற்றை எடுத்து அதில் சைட்டோகுரோம் சி சேர்த்துப் பார்த்தார்கள், காஸ்பேஸ் விழித்துக்கொண்டது. கடல் முள்ளெலி வகையறாவிலும் அப்படியே. ஆக மைட்டோகாண்ட்ரியா வழி பழையது. உருளைப்புழு வரிசையில்தான் அது தொலைந்தது.

எங்கே தொலைந்தது என்பதை புரதத்தின் உடம்பிலேயே காட்டலாம். நம் ஏபாஃப்-1 புரதத்தின் வால்பக்கம் டபிள்யூடி40 என்ற மடிப்புகள் வரிசையாக இருக்கும். சைட்டோகுரோம் சி வந்து உட்காரும் நாற்காலி அதுதான். புழுவின் செட்-4 அதே புரதத்தின் உறவு, ஆனால் அந்த வால்பக்கம் முழுக்கக் காணோம். நாற்காலியே இல்லாத வீட்டில் விருந்தாளி எங்கே உட்காருவார்?

தட்டு எண் 9 | 4 மார்ச், இரவு 10.31

ஒன்று விட்டுவிட்டேன். பேக்ஸ், பேக் மாதிரி துளையிடும் புரதமும் சி. எலிகன்ஸில் இல்லை. செட்-9 மைட்டோகாண்ட்ரியாமேல் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் அங்கே அது காவல் காப்பது சவ்வை இல்லை, செட்-4-ஐ. இரண்டு செட்-4 மூலக்கூறுகளைப் பிடித்து வைத்திருக்கும். ஈகிள்-1 வந்து செட்-9-ஐக் கவ்வினால் பிடி தளரும், வெளியே வந்த செட்-4 எட்டு சேர்ந்து வளையமாகும், அந்த வளையத்தில் செட்-3 தன்னைத்தானே வெட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கும். நம் வளையத்தில் ஏழு, ஈயின் வளையத்தில் எட்டு. காஸ்பேஸ் புழுவில் ஒன்றே ஒன்று.

கொசுவலை | 5 மார்ச், காலை 7.40

சரி, இடித்த வீடுதான். அப்படியானால் புழுவுக்குள் செல் சாவில் பரிணாமமே நடக்கவில்லையா? மரபணுக்கள் அதே நாலு என்றால் மாறுவதற்கு என்ன இருக்கிறது?

தட்டு எண் 9 | 5 மார்ச், மதியம் 1.20

இதுதான் சரியான கேள்வி, நேற்றைய கேள்வியை விட ரொம்ப நல்ல கேள்வி.

ஆயுதம் மாறவில்லை. யார்மேல், எப்போது என்பதுதான் மாறுகிறது. ஒவ்வொரு செல்லிலும் செட்-3, செட்-4, செட்-9 கிட்டத்தட்ட எப்போதும் தயாராக இருக்கும். ஈகிள்-1 எந்தச் செல்லில் இயங்குகிறதோ அது சாகும். ஆகவே பரிணாமம் விளையாடும் மைதானம் அந்த ஒரு மரபணுவுக்கு முன்னும் பின்னும் உள்ள கட்டுப்பாட்டு எழுத்துகளும், அவற்றில் போய் உட்காரும் புரதங்களும்தான்.

ஆய்வகத்திலேயே இதைக் காட்டிவிட்டார்கள். ஈகிள் என்ற பெயரே முட்டையிட முடியாத புழுக்களிலிருந்து வந்தது. முட்டை தள்ளும் எச்எஸ்என் நரம்பணு இரண்டும் ஆண் புழுவில் சாகும், இருபாலியில் பிழைக்கும். இருபாலியில் டிரா-1 என்ற புரதம் ஈகிள்-1-ஐ அடக்கி வைப்பதால்தான் பிழைப்பு. டிரா-1 உட்காரும் இடம் மரபணுவுக்குக் கீழே ஆயிரக்கணக்கான எழுத்துகள் தள்ளி இருக்கிறது. அங்கே ஒரு எழுத்து மாறினால் போதும்: இருபாலியிலும் எச்எஸ்என் செத்துப்போகும், முட்டை வெளியே வராது, குஞ்சுகள் தாய்க்குள்ளேயே பொரித்து தாயைத் தின்றுவிடும். மற்ற 957 செல்லுக்கும் ஒரு சேதமும் இல்லை. ஒரே ஒரு வகைச் செல்லின் விதியை மட்டும் தொட்டு மாற்றும் திருத்தம். பரிணாமத்துக்கு இதைவிட வசதியான கைப்பிடி கிடைக்காது.

தட்டு எண் 9 | 5 மார்ச், மதியம் 1.34

957 எப்படி என்று யாரும் கேட்பதற்கு முன்: இருபாலி வளரும்போது உருவாகும் உடல் செல்கள் 1090, சாவது 131, மிஞ்சுவது 959. அதில் எச்எஸ்என் இரண்டைக் கழியுங்கள். அந்த 131-இல் 113 முட்டைக்குள்ளேயே, 18 பொரித்த பிறகு. 131-இல் 105 நரம்பணு ஆகியிருக்க வேண்டியவை. இனச்செல் கணக்கு இதில் சேராது.

நுண்ணோக்கி | 5 மார்ச், இரவு 8.50

ஆய்வகத் திரிபு சரி. காட்டில் திரியும் இரண்டு இனங்களுக்கு நடுவே அப்படி ஒரு செல் விதி மாறியதற்கு உதாரணம் உண்டா? ஊகம் வேண்டாம்.

தட்டு எண் 9 | 5 மார்ச், இரவு 11.15

பனாக்ரெல்லஸ் ரெடிவைவஸ். 1981-இல் ஸ்டெர்ன்பெர்க்கும் ஹார்விட்ஸும் செல் செல்லாகப் பின்தொடர்ந்து எழுதியது.

சி. எலிகன்ஸின் கருப்பைக்கு முன்னே ஒரு கை, பின்னே ஒரு கை. பனாக்ரெல்லஸ் பெண்ணுக்கு முன்கை மட்டும். கையின் நுனியில் நுனிச்செல் என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். அது பக்கத்திலிருக்கும் இனச்செல்களுக்கு ‘பிரிந்துகொண்டே இரு’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். கை நீள்வதற்கு வழிகாட்டுவதும் அதுதான். சி. எலிகன்ஸில் நுனிச்செல்லை லேசரால் சுட்டால் அந்தப் பக்கத்து இனச்செல்கள் பெருகுவதை விட்டு விந்தாகவோ முட்டையாகவோ மாறப் போய்விடும், கை வளராது.

பனாக்ரெல்லஸில் பின்பக்க நுனிச்செல் ஆக வேண்டிய இசட்4.பிபி பிறக்கிறது. பிறந்து சாகிறது. அவ்வளவுதான், பின்கை இல்லை. நாம் லேசரால் செய்வதை அந்த இனம் தன் மரபணுவால் செய்துகொண்டிருக்கிறது.

தட்டு எண் 9 | 5 மார்ச், இரவு 11.22

ஒற்றைக் கை உள்ள எல்லா இனங்களிலும் இதே கதை. பின் நுனிச்செல் சாகும்.

தட்டு எண் 9 | 6 மார்ச், காலை 6.55

மேலே ‘எல்லா இனங்களிலும்’ என்று எழுதியது தப்பு. 1996-இல் ஃபெலிக்ஸும் ஸ்டெர்ன்பெர்க்கும் பல ஒற்றைக் கை இனங்களை வரிசையாகப் பார்த்தார்கள். ஒன்றைத் தவிர மற்றவற்றில் சாவு. அந்த ஒன்றில் சாகாமலே பின்கை இல்லை. ஆக சாவு ஒரு வழி, ஒரே வழி இல்லை.

இன்னும் சுவையான விஷயம்: முதல் வித்தியாசம் சாவே இல்லை. இசட்1, இசட்4 என்ற இரண்டு மூதாதைச் செல்களும் சி. எலிகன்ஸில் கண்ணாடி பிம்பம் மாதிரி ஒரே நேரத்தில் பிரியும். ஒற்றைக் கை இனங்களில் முதலில் நேரம் தப்பும், பிறகு செல்கள் இடம் மாறும், அதற்கப்புறம்தான் சாவு. பின்பக்க சூலக மூதாதைச் செல்களின் கதையும் இனத்துக்கு இனம் வேறு. சிலவற்றில் சின்னப் பையாக மிச்சம் நிற்கும், சிலவற்றில் பிரியாமல் சும்மா இருக்கும், சிலவற்றில் அவையும் சாகும். நுண்ணோக்கி கேட்ட ‘காட்டு உதாரணம்’ இதைவிடத் தெளிவாகக் கிடைக்காது.

மீன்தொட்டி | 6 மார்ச், காலை 10.18

அண்ணே, பனாக்ரெல்லஸ் என்றால் மைக்ரோவார்ம்தானே? மீன் குஞ்சுக்குப் போடுவது? ஓட்ஸ் கஞ்சி, மேலே ஒரு சிட்டிகை ஈஸ்ட், ஒரு வாரத்தில் டப்பா சுவரெல்லாம் ஏறும். அதை வைத்தே இந்தச் சாவைப் பார்க்க முடியுமா?

தட்டு எண் 9 | 6 மார்ச், மதியம் 12.40

மைக்ரோவார்ம் என்று விற்பதில் பெரும்பாலும் அதுதான். பார்க்கலாம், நொமார்ஸ்கி ஒளியியல் (சாயமில்லாமலே செல்லை மேடு பள்ளமாகக் காட்டும் முறை) உள்ள நுண்ணோக்கி கிடைத்தால். பள்ளிக்கூட நுண்ணோக்கியில் தெரியாது.

கண்ணாடித் தகட்டில் 5 சதவீத அகார் திண்டு போடுங்கள். இரண்டு பக்கமும் டேப் ஒட்டிய தகடுகள், நடுவில் தகடு, உருகிய அகார் ஒரு சொட்டு, மேலே இன்னொரு தகட்டை அமுக்கினால் சமமான திண்டு. அதன்மேல் எம்9 என்ற உப்புக் கரைசல் ஒரு மைக்ரோலிட்டர், பாக்டீரியா ஒரு பொட்டு, அதில் புழு. மூடுதகடு வைத்து ஓரத்தை வாசலினால் அடையுங்கள். அடைக்காவிட்டால் அரை மணியில் காய்ந்துவிடும். 100 மடங்கு எண்ணெய் வில்லை. விளக்கில் பச்சை வடிகட்டியும் வெப்ப வடிகட்டியும் போடாவிட்டால் நீங்கள் பார்ப்பது திட்டமிட்ட சாவாக இருக்காது, வறுத்த சாவாக இருக்கும்.

புழு நெளிகிறதே என்று சோடியம் அசைடு ஊற்றாதீர்கள். ஒரு படம் எடுக்க மட்டும் அது சரி. பிரிவைப் பின்தொடர வேண்டுமானால் அசைடு மூச்சையே நிறுத்திவிடும், செல் பிரிவும் நின்றுவிடும். திண்டும் பாக்டீரியாவும் சரியாக இருந்தால் குட்டிப்புழு தின்றுகொண்டே ஓரளவு அடங்கி இருக்கும்.

சாகும் செல் எப்படி இருக்கும்? முதலில் கருவுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள எல்லை மங்கும். பிறகு முழுச் செல்லும் தட்டையான, பளபளக்கும் வட்டமாகத் திரளும். சட்டைப் பொத்தான் மாதிரி, குமிழ் இல்லை. பக்கத்துச் செல் விழுங்கியதும் ஓரம் கரையும். பிறப்பிலிருந்து மறைவு வரை ஏறத்தாழ ஒரு மணி நேரம், அதில் பொத்தான் நிலை சிறு பகுதிதான். தேநீர் குடித்துவிட்டு வந்தால் தவறிவிடும்.

ஏமாற்றுபவை மூன்று. கொழுப்புத் துளி: பளபளக்கும், ஆனால் மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். பிரிகிற செல்: கரு மறையும், ஆனால் பொத்தான் ஆகாது, பத்து நிமிடத்தில் இரண்டு கரு வரும். ஊதிப்போய் குழிவிழுந்த செல்: அது நசிவு, வேறு வழிச் சாவு, இதற்கு நேர் எதிர்த் தோற்றம்.

நுண்ணோக்கி | 6 மார்ச், இரவு 9.05

சாயம் போட்டால் எளிது அல்லவா? அக்ரிடின் ஆரஞ்சு?

தட்டு எண் 9 | 6 மார்ச், இரவு 9.48

இனச்செல் சாவுக்குச் சரி. 60 மிமீ தட்டில் மில்லிலிட்டருக்கு 0.02 மில்லிகிராம் கலந்த எம்9 அரை மில்லி ஊற்றி, இருட்டில் ஒரு மணி நேரம். பிறகு புதிய பாக்டீரியா தட்டுக்கு மாற்றி இரண்டு மணி நேரம் விடுங்கள். குடலில் உள்ள சாயம் வெளியேறாவிட்டால் குடல்தான் எரியும், வேறெதுவும் தெரியாது. கருப்பைக் கை வளையும் இடத்துக்கு முன்னால் புள்ளிகள் தெரியும். முட்டையாக வேண்டிய செல்களில் ஏறத்தாழ பாதி அங்கே சாகின்றன.

பொறி ஒன்று இருக்கிறது. அக்ரிடின் ஆரஞ்சு விழுங்கப்பட்ட பிணத்தைத்தான் நிறமாக்கும். செட்-1 மாதிரி விழுங்கும் மரபணு கெட்ட புழுவில் பிணங்கள் குவிந்து கிடக்கும், சாயமோ வெறுமை காட்டும். ‘இந்தத் திரிபில் சாவே இல்லை’ என்று எழுதிவிடுவீர்கள். நொமார்ஸ்கியில் ஒருமுறை எண்ணாமல் சாயத்தை நம்பாதீர்கள்.

நம்மூர் வெப்பத்துக்கு ஒரு வரி: சி. எலிகன்ஸை 20 டிகிரியில் வையுங்கள். 27-இல் மலடாகிவிடும். சனி ஞாயிறு ஏசி அணைந்த அறையில் எடுத்த இனச்செல் கணக்கு எதற்கும் உதவாது.

கொசுவலை | 7 மார்ச், காலை 8.02

பனாக்ரெல்லஸ் உதாரணத்தில் எந்த மரபணு மாறியது என்று தெரிய வழியில்லை. மரபணு வரை போன உதாரணம்?

தட்டு எண் 9 | 7 மார்ச், இரவு 10.20

பிரிஸ்டியான்கஸ் பசிஃபிகஸ். வண்டுமேல் ஒட்டிக்கொண்டு, வண்டு செத்தபின் அதில் வளரும் பாக்டீரியாவைத் தின்னும் புழு. சோமர் குழுவின் வேலை.

வயிற்றுப் பக்கம் பன்னிரண்டு செல்கள் வரிசையாக நிற்கும், பி1.பி முதல் பி12.பி வரை. (முதல் பி மூதாதைச் செல்லின் பெயர், கடைசி பி ‘பின்மகள்’. பெயர் வைத்தவர்களுக்குத் தமிழில் எழுதுபவன்மேல் இரக்கமே இல்லை.) நடுவில் உள்ள பி5, பி6, பி7 மூன்றின் மகள்கள்தான் முட்டைவாய். இது இரண்டு இனத்திலும் ஒன்றுதான்.

முட்டைவாய்க்கு வேண்டாத ஓரத்துச் செல்கள்? சி. எலிகன்ஸில் அவை தோலின் பெரிய கூட்டுச்செல்லோடு கலந்துவிடும். பிரிஸ்டியான்கஸில் பி1 முதல் பி4 வரையும், பி9 முதல் பி11 வரையும் செத்துப்போகும். ஒரே இடம், ஒரே ‘வேண்டாம்’, ஒன்றில் கலப்பு, இன்னொன்றில் சாவு.

நடுவில் உள்ளவற்றைக் காப்பது லின்-39 என்ற ஹாக்ஸ் மரபணு (உடம்பில் எந்த இடம் என்று செல்லுக்குச் சொல்லும் வகை). பிரிஸ்டியான்கஸில் அதைக் கெடுத்தால் பி5 முதல் பி8 வரையும் செத்து முட்டைவாயே இருக்காது. சி. எலிகன்ஸில் கெடுத்தாலும் முட்டைவாய் இருக்காது, ஆனால் செல்கள் சாகவில்லை, தோலோடு கலந்துவிட்டன. வெளித்தோற்றம் ஒன்று, காரணம் வேறு.

இப்போது முக்கியமான சோதனை. பிரிஸ்டியான்கஸில் லின்-39-ஐயும் செட்-3-ஐயும் சேர்த்துக் கெடுத்தார்கள் (1998). செல்கள் சாக முடியவில்லை. முட்டைவாய் உருவாகிவிட்டது! ஆக அந்த இனத்தில் லின்-39-க்கு அங்கே வேலை ‘சாகாதே’ என்பது மட்டும்தான், ‘முட்டைவாய் ஆகு’ என்பது இல்லை. சி. எலிகன்ஸில் பிந்தைய கட்டத்துக்கும் அது வேண்டும்.

தட்டு எண் 9 | 7 மார்ச், இரவு 10.52

இதைப் படித்துவிட்டு ‘லின்-39 சாவைத் தடுப்பது பிரிஸ்டியான்கஸ் கண்டுபிடித்த புது வேலை’ என்று யாராவது எழுதப் போகிறீர்கள். எழுதாதீர்கள். சி. எலிகன்ஸிலும் அது சாவைத் தடுக்கிறது, வேறு செல்லில். பி3 முதல் பி8 வரை உள்ள மூதாதைச் செல்களின் ஒரு கொள்ளுப்பேத்தி விசி என்ற நரம்பணு ஆகும். பின்பக்க பி9 முதல் பி12 வரை உள்ளவற்றின் அதே கொள்ளுப்பேத்தி சாகும். நடுவில் லின்-39 ஈகிள்-1-ஐ அடக்குவதால்தான் விசி பிழைக்கிறது. காவல்காரர் அதே ஆள், வாசல்தான் வேறு.

நுண்ணோக்கி | 8 மார்ச், காலை 9.30

மேலே ‘காஸ்பேஸ் புழுவில் ஒன்றே ஒன்று’ என்று எழுதியிருக்கிறீர்கள். சிஎஸ்பி-1, 2, 3?

தட்டு எண் 9 | 8 மார்ச், காலை 9.58

மாட்டிக்கொண்டேன். ‘முக்கியக் கொலையாளி ஒன்று’ என்று திருத்திப் படியுங்கள். மூன்று உறவுகள் உண்டு. அதில் சிஎஸ்பி-2, சிஎஸ்பி-3 இரண்டும் கொல்வதில்லை, செட்-3 தானாக விழித்துக்கொள்ளாமல் பிடித்து வைக்கின்றன. சாவைப் பரப்பும் குடும்பத்தில் பிறந்து சாவைத் தடுக்கும் வேலைக்குப் போனவை.

இன்னொரு சேர்க்கை: செட்-3 இல்லாமலும் சாவு உண்டு. ஆண் புழுவில் விந்தகத்தை இழுத்துக்கொண்டு போகும் இணைப்புச்செல் வேலை முடிந்ததும் சாகிறது. செட்-3 கெட்ட ஆணிலும் சாகிறது. பொத்தான் தோற்றம் வராது, கரு ஓரம் கொச கொசவென்று மடிந்து சுருங்கும்.

கொசுவலை | 8 மார்ச், மதியம் 2.15

அடிப்படைக் கேள்வி. சாகடிக்கப் போகிற செல்லை ஏன் பெற வேண்டும்? சிக்கனமான புழு என்கிறீர்கள்.

தட்டு எண் 9 | 8 மார்ச், இரவு 11.40

செல் வம்சாவளி ஒரு சமையல் குறிப்பு மாதிரி. ஒரே குறிப்பை உடம்பின் பல இடத்தில் அப்படியே ஓட்டுகிறது புழு. தேவையில்லாத இடத்தில் கடைசி வரியை மட்டும் அடித்துவிடுகிறது. குறிப்பையே இடத்துக்கு இடம் மாற்றி எழுதுவதை விட அது மலிவு. விசி செல்கள் இதற்குக் கண்முன் சாட்சி.

அடித்த வரி இன்னும் படிக்கக்கூடியது என்பதுதான் அழகு. தொண்டையில் எம்4 என்ற நரம்பணு இல்லாவிட்டால் உணவு உள்ளே இறங்காது, புழு பட்டினி கிடந்து சாகும். எம்4-இன் உடன்பிறப்பு பிறந்ததும் சாவது வழக்கம். 1987-இல் ஏவரியும் ஹார்விட்ஸும் செட்-3 கெட்ட புழுவில் எம்4-ஐ லேசரால் சுட்டார்கள். பிழைத்திருந்த உடன்பிறப்பு சில புழுக்களில் அந்த வேலையை ஏற்றுச் செய்தது. சாகப் பிறந்த செல்லுக்குள் முழு நரம்பணு ஆகும் திறன் இருந்தது. ஆக ஒரு திரிபு வந்து ஈகிள்-1-ஐ அணைத்தால் புதிய நரம்பணு ஒன்று இலவசம். பரிணாமம் எந்தத் திசையிலும் போகலாம்.

செட்-3 முழுக்கக் கெட்ட புழுவும் ஆய்வகத்தில் வாழ்கிறது. தொண்டையின் முன்பகுதியில் மட்டும் 16 செல் சாக வேண்டும், அந்தப் புழுவில் ஏறத்தாழ 12 கூடுதலாக நிற்கும். திரிபு வலுவா மெலிவா என்று அளக்க எல்லோரும் எண்ணுவது இந்த இடத்தைத்தான்.

மீன்தொட்டி | 9 மார்ச், காலை 7.25

வேறு புழுவில் முழு வம்சாவளியும் எழுதினார்களா?

தட்டு எண் 9 | 9 மார்ச், காலை 8.10

கடலோரப் புழு பெல்லியோடிடிஸ் மரினாவில் (இப்போது லிட்டோடிடிஸ்) 2003-இல் எழுதினார்கள். 638 செல், அதில் 67 சாவு. வம்சாவளி சி. எலிகன்ஸோடு 95.5 சதவீதம் ஒத்துப்போகிறது, செல்களின் விதி 76.4 சதவீதம்தான். மரம் அதே, இலைகள் வேறு.

67-ஐ 113-இலிருந்து கழித்து ‘இதில் 46 சாவு குறைவு’ என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் கணக்கு தசை துடிக்கத் தொடங்கும் வரைதான்.

நுண்ணோக்கி | 9 மார்ச், இரவு 9.15

புதிய இனத்தின் மரபணுத் தொகுதியில் ஈகிள்-1 தேடினேன், பிளாஸ்ட் என்ற வரிசை ஒப்பிடும் நிரலில் பூஜ்யம். அந்த இனத்தில் தொலைந்துவிட்டது என்று எழுதலாமா?

தட்டு எண் 9 | 9 மார்ச், இரவு 9.50

எழுதாதீர்கள். செட்-3-இல் 503 அமினோ அமிலம், ஈகிள்-1-இல் 91 மட்டுமே. அதிலும் காலம் காத்தது பிஎச்3 என்ற சிறு துண்டுதான். மீதி எப்படியும் போகலாம், போகிறது. சாதாரண பிளாஸ்டில் அது இரைச்சலில் மூழ்கிவிடும், மரபணு கணிக்கும் நிரலும் இவ்வளவு சின்னதைத் தள்ளிவிடும். முதலில் செட்-9-ஐயும் செட்-4-ஐயும் தேடிப் பிடியுங்கள், அவை பெரியவை. பிடிக்கும் ஆள் இருந்தால், பிடியைத் தளர்த்தும் ஆளும் எங்கோ இருக்க வாய்ப்பு அதிகம். பிறகு நெருங்கிய இனங்களில் ஈகிள்-1-இன் பக்கத்து வீட்டு மரபணுக்கள் எவை என்று பார்த்து, உங்கள் தொகுதியில் அந்த இடத்தை ஆறு வாசிப்புச் சட்டத்திலும் மொழிபெயர்த்து, லூசினுக்கு ஐந்து இடம் தள்ளி அஸ்பார்டேட் வருகிறதா என்று கண்ணாலேயே தேடுங்கள். ஆர்என்ஏ தரவு இருந்தால் கருப்பருவத்துடையதை எடுங்கள். வளர்ந்த புழுவின் தரவில் அது தெரியாமலே போகலாம்.

மீன்தொட்டி | 10 மார்ச், காலை 6.48

அண்ணே, டப்பா ரெடி. பொத்தான் பார்க்க ஆண் புழு வேண்டுமா, பெண் வேண்டுமா?

தட்டு எண் 9 | 10 மார்ச், காலை 7.05

பெண், ஆனால் குட்டி. தாய் உயிருள்ள குட்டியாகவே போடும். புதிதாகப் பிறந்ததிலிருந்து எடுங்கள், கருப்பை ஏற்கனவே நீண்டிருந்தால் காலம் கடந்துவிட்டது. அந்த வயதில் ஆண் பெண் பிரித்தறிவது கஷ்டம், அதனால் இருபது எடுத்தால் பாதி வீண் என்று வைத்துக்கொள்ளுங்கள். கஞ்சியோடு அள்ளாதீர்கள், சுவரில் ஏறியதை ஈரக் குச்சியால் வழித்து எம்9-இல் இரண்டு முறை கழுவுங்கள். ஓட்ஸ் மாவுத் துகளும் நொமார்ஸ்கியில் பொத்தான் மாதிரிதான் பளபளக்கும்.